பன்னிரண்டு வீட்டு இலை

என் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மனிதர் பதினெட்டு வருஷமாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. இதைக் கேட்டால் யாருக்கும் என்ன வீடு இது, என்ன பொம்பளை இவள் என்றுதான் தோன்றும். எனக்கே பல வருஷம் அப்படித்தான் இருந்தது. எங்கள் வீடு புறாப் பந்தயம் விடுகிற வீடு. அவர் எங்கள் சங்கத்தின் நடுவர்.

என் வீட்டுக்காரர் எரியோட்டில் உரக்கடை வைத்திருக்கிறார். நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். ஒரு அதட்டில் அத்தனை பிள்ளைகளையும் உட்கார வைத்துவிடுவேன். அந்த அதட்டலுக்கு மசியாதவர் இவர் ஒருத்தர்தான். விடிந்தால் மாடி, கடையை அடைத்தால் மாடி. கல்யாணமான புதிதில், "என்னையும் ஒரு கூண்டுல போட்டு அடைச்சிருங்க, அப்பவாவது வந்து பாப்பீக" என்று சொல்லியிருக்கிறேன். மனுஷன் சிரித்துக்கொண்டே புறாவுக்குக் கம்பு அள்ளிக்கொண்டு படியேறிவிட்டார்.

திண்டுக்கல்லைச் சுற்றி எங்களைப் போலப் பன்னிரண்டு வீடுகள் சங்கத்தில் இருக்கின்றன. கோடை பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது ஒரு வீட்டில் பந்தயம் நடக்கும். காலை ஆறு மணிக்கு நடுவர் புறாவின் இறகில் சங்கத்து முத்திரையைக் குத்துவார். புறாவை விட்டால் அது வட்டம் போட்டு ஏறி, கடுகளவாகி, அப்புறம் அந்தக் கடுகும் காணாமல் போகும். மணிக்கு ஒரு தடவையாவது அது நடுவர் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் அவுட். சாயங்காலம் ஆறு மணிக்குள் சொந்த மாடியில் வந்து இறங்கவும் வேண்டும். அதிக நேரம் பறந்த புறாவுக்குக் கோப்பை. ஆக நடுவர் வேலை என்பது பங்குனி, சித்திரை வெயிலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. சம்பளம் கிடையாது. பஸ் காசுகூடக் கிடையாது.

எங்கள் நடுவர் பேகம்பூரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனை பந்தயம் பார்த்த மனுஷன் ஒரு ஜோடிப் புறாகூட வளர்த்ததில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வளத்தா அதும்மேல பாசம் வந்துரும்மா. அப்புறம் அடுத்தவுக புறா கண்ணுல படாது" என்றார்.

பழைய மொபெட்டில் இருட்டோடு வந்து சேருவார். கோரைப்பாய், குடை, தண்ணீர் கேன், சாப்பாட்டு டப்பா, ஒரு நோட்டு, இதுதான் அவர் சாமான். பாயை விரித்து மல்லாந்து படுத்தால் கண் மட்டும் அலையும். மதியத் தொழுகையை மாடி மூலையிலேயே முடித்துக்கொள்வார். அந்த நேரம் பார்த்துப் புறா தலைக்கு நேரே வந்து நிற்கும். "செத்த நேரம் பொறுத்து வாயேன், அவரு தொழுதுக்கிட்டிருக்காருல்ல" என்று என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துக் கெஞ்சுவார். அது எங்கே கேட்கும்!

அவர் வந்த முதல் வருஷம் பத்து மணிக்கு மோர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வேண்டாம் என்றார். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றார். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. மனதில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"ஏன், எங்க வீட்ல சாப்பிட மாட்டீகளோ?" என்று கேட்டே விட்டேன்.

அவர் பதறி எழுந்து உட்கார்ந்தார். "அய்யய்யோ, அப்படி இல்ல தங்கச்சி. பேகம்பூர்ல என் மச்சான் புறா விடுறாரு. அவரு வீட்லயும் நான் பச்சத்தண்ணி குடிக்கிறதில்ல."

சங்கத்தில் ஒரு விதி உண்டு. புறா விடுகிறவர் வீட்டுச் சோறு தண்ணீரில் கை நனைத்தவர் அந்த வீட்டுக்கு நடுவராக உட்காரக் கூடாது. ஒருமுறை நனைத்தாலும் நனைத்ததுதான், அந்த மாடி அவருக்கு அதோடு முடிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு நடுவர் இருந்தாராம். ஒரு வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, மழை மேகம் மூடிக் கிடந்த வானத்தில் மணிக்கு மணி புறாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அன்றைக்குப் போட்ட விதி அது.

விதி சுலபம், அதோடு வாழ்வதுதான் கஷ்டம். மற்ற நடுவர்கள் ஒரு வீட்டில் கல்யாணம், ஒரு வீட்டில் பொங்கல் என்று சாப்பிட்டுச் சாப்பிட்டு ஒவ்வொரு மாடியாக இழந்தார்கள். நாலைந்து வருஷத்தில் உட்கார மாடி இல்லாமல் விலகினார்கள். இவர் மட்டும் எந்த வீட்டிலும் கை நனைக்கவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்திவிட்டு, பந்தி போடுகிற சத்தம் கேட்டதும் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பந்தலில் நின்று அவர் போவதைப் பார்த்தேன். அழுகையாக வந்தது. கல்யாண வீட்டிலிருந்து ஒருத்தர் பசியோடு போவதைப் பார்க்கிற வயிறு எனக்கு இல்லை.

இன்னொரு சித்திரையில் அவர் கேனில் ஓட்டை. பதினோரு மணிக்கெல்லாம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. செம்பில் கொண்டுபோய் நீட்டினேன். "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, புறா கண்ணில் பட்டதும் நேரத்தை எழுதி வைத்துவிட்டு, தெருக்குழாய்க்கு ஓடிப்போய்க் குடித்துவிட்டு மூச்சு வாங்க வந்து படுத்தார்.

"அந்தக் குழாய்த் தண்ணி மட்டும் இனிக்குதோ?" என்றேன்.

"உங்க தண்ணிதாம்மா இனிக்கும். அதான் பயமா இருக்கு" என்றார்.

போன மாசியில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் காப்பி குடித்துக்கொண்டே, "பாய்க்கு சங்கத்துல பாராட்டு விழா எடுக்கலாம்னு தலைவர் சொல்றாரு" என்றார். தலைவர் ஊருக்குள் ஹார்டுவேர் கடைக்காரர். போன கோடையில் அவருடைய புறாவை பாய் அவுட் என்று எழுதியிருந்தார். அது பெரிய மனசுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்ப என்ன திடீர்னு?"

"கண்ணு ஆபரேஷன் ஆச்சுல்ல. போதும்னு விலகிக்கிறாராம். இனிமே செல்போன்லயே வீடியோ எடுத்துக்கலாம்னு இருக்கோம்."

அதைக் கேட்டு எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை. அடுப்படிக் கணக்குதான் வந்தது. இனி விதி கிடையாது, பாய் சாப்பிடலாம்! உடனே சொன்னேன்: விழாவை நம் வீட்டு மாடியிலேயே வைப்போம். பன்னிரண்டு வீட்டுப் பொம்பளைகளுக்கும் இதே ஆதங்கம் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று சமைத்துக் கொண்டு வரட்டும். எல்லா வீட்டுச் சாப்பாட்டையும் ஒரே இலையில் அவருக்குப் போடுவோம்.

என் வீட்டுக்காரர் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தலைவர்கிட்ட சொல்லிப் பாக்குறேன்" என்றார். சாயங்காலமே தலைவர் போன் செய்து, "அருமையான யோசனைம்மா" என்று என்னைப் புகழ்ந்து தள்ளிவிட்டார். நானும் குளிர்ந்துபோனேன்.

அந்த வாரம் முழுக்கப் போனில்தான் இருந்தேன். யார் ரசம், யார் பாயசம், யார் வெஞ்சனம் என்று பிரிப்பதற்குள் இரண்டு சண்டை. கறிக்குழம்பு என் பொறுப்பு. அவர் மனதில் ஒரு சின்னச் சந்தேகமும் இருக்கக் கூடாதென்று பேகம்பூர்க் கறிக்கடைக்கு நானே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். நாலு மணிக்கு எழுந்து மசாலா அரைத்தேன். அந்த மிக்ஸியும் அவர் சரிபார்த்துக் கொடுத்ததுதான்.

பங்குனி முதல் ஞாயிறு மாடியில் பந்தல் போட்டு, பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். பாய் சலவைச் சட்டையில், கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தலைவர் பொன்னாடை போர்த்தினார், கேடயம் கொடுத்தார். "பாயோட கண்ணுதான் இந்தச் சங்கத்துக்கே கண்ணு" என்று பேசினார். எல்லோரும் கை தட்டினோம். எனக்குக் கண் கலங்கியது.

அப்புறம் பாயிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவருக்கு மேடைப் பேச்சு வராது. பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டே பேசினார்.

"எனக்கு இதெல்லாம் அதிகம். நான் என்னத்தப் பண்ணிட்டேன், மல்லாந்து படுத்துக் கெடந்தேன். கண்ணு ஆபரேஷனுக்குப் பெறகு நல்லாத் தெரியுது, அல்லாவோட கிருபை. சிறுமலை மேல மரம் மரமாத் தெரியுது. அடுத்த ஞாயித்துக்கிழமை மொதப் பந்தயம். வழக்கம்போல விடியமுன்ன வந்துருவேன். ஒடம்புல தெம்பு இருக்குற வரைக்கும் வாரேன்."

எனக்குத் திக்கென்றது. விலகுகிறவர் பேசுகிற பேச்சா இது? என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தொட்டியில் அப்படி என்ன இருக்கிறது!

பந்தி போட ஆள்கள் எழுந்த நேரத்தில் அவரைத் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"அவரு வெலகுறேன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"மெதுவாப் பேசு."

"சொன்னாரா இல்லையா?"

"இல்ல. தலைவருக்கு அவரு வேணாம். ஆனா மூஞ்சிக்கு நேரா போகச் சொல்ல யாருக்கும் வாய் வரல. இம்புட்டு வருஷம் பாத்த மனுஷன். அதான், கௌரவம் பண்ணி அனுப்பிருவோம்னு..."

"எப்படி அனுப்புவீக?"

அவர் பந்தலில் போட்டுக்கொண்டிருந்த இலைகளைத் திரும்பிப் பார்த்தார். எனக்கே புரிந்துவிட்டது. ஒரு வீட்டில் கை நனைத்தால் ஒரு மாடி போகும். பன்னிரண்டு வீட்டுச் சோற்றையும் ஒரே இலையில் சாப்பிட்டால் பன்னிரண்டு மாடியும் ஒரே வேளையில் போய்விடும். யாரும் அவரைப் போகச் சொல்ல வேண்டாம். விதியை எடுத்துக் காட்டினால் போதும், அவரே எழுந்து போய்விடுவார். இந்த யோசனையைச் சொன்னது யார்? நான்தான். ஆசை ஆசையாக நான்தான் சொன்னேன்.

"எங்கிட்ட ஏன் மறைச்சீக?"

"சொன்னா நீ கத்துவ."

அங்கேயே இரண்டு வைத்திருப்பேன். அதற்குள் பந்தலில் பாய் குரல் கேட்டது. "சாப்பாடு யாரு பண்ணுனது? வீட்டுச் சமையலா?" என்று கேட்டார்.

"சமையக்காரரு பாய். சங்கத்துச் சாப்பாடு. கூச்சப்படாம சாப்புடுங்க" என்றார் தலைவர். பொய் அவர் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது.

திரும்பிப் பார்த்தேன். பாய் நடு இலையில் உட்கார்ந்திருந்தார். இலை நிறையப் பரிமாறியிருந்தார்கள். ஓரத்தில் என் கறிக்குழம்பு. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "பிஸ்மில்லாஹ்" என்று முணுமுணுத்தபடி குனிந்தார். பதினெட்டு வருஷமாக நான் பார்க்கத் துடித்த காட்சி அது.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அவர் விரல் சோற்றைத் தொடுவதற்குள் இலையை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிவிட்டேன். ரசம் என் சேலையெல்லாம் கொட்டியது.

சாப்பிட உட்கார்ந்த விருந்தாளியின் இலையைப் பிடுங்கிய பொம்பளையை எங்கள் ஊர்ப்பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாய் முகம் சுருங்கிப்போய் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது, கொஞ்சங்கூட மரியாதை இல்லாம!" என்று தலைவர் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க" என்றேன். அங்கன்வாடிக் குரலில் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இது சமையக்காரரு சமைச்சது இல்ல. ரசம் தலைவர் வீட்டுது. பாயசம் உங்க மச்சான் வீட்டுது. கறி என் வீட்டுது. பன்னெண்டு வீட்டுச் சாப்பாடுண்ணே. தொட்டீகன்னா பன்னெண்டு மாடியும் உங்களுக்குப் போச்சு. அதுக்குத்தான் இந்த விழாவே. எனக்குத் தெரியாதுண்ணே, சத்தியமா இப்பத்தான் தெரியும். நீங்களா விலகுறீகன்னு சொன்னாக, நம்பித்தான் சமைச்சேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். இலையைக் கையில் வைத்துக்கொண்டு அழுவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணைத் துடைக்கவும் கை இல்லை.

பாய் பொன்னாடையை எடுத்து மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நிதானமாக மடித்தார். அப்புறம் தலைவரைப் பார்த்தார்.

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருப்பேனே. சோத்தப் போட்டா அனுப்பணும்?"

பாயின் மச்சான் எழுந்து, பாயசப் பாத்திரத்தை மூடி ஓரமாக வைத்தார். "நீங்க வெலகுறதாத்தான் எங்கிட்டயும் சொன்னாக. எங்க மாடிக்கு நீங்கதான் மச்சான் வரணும். வேற ஆளு வந்தா நான் புறாவ எடுக்க மாட்டேன்" என்றார். ரசம் கொண்டுவந்த தலைவர் வீட்டு அம்மாள் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூக்குச்சட்டியை மூடினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாகத் தூக்குகள் மூடுகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரரும் தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்து, கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்.

பாய் எழுந்து படியிறங்கினார். போகிறார், இனி வரவே மாட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கையில் சாப்பாட்டு டப்பாவோடு ஏறி வந்தார்.

"இந்த மாடிக்கு டப்பா இல்லாம வந்து பழக்கமில்லம்மா. விழான்னு தெரிஞ்சும் காலையில கட்டி எடுத்துட்டேன். வெறும் எலை ஒண்ணு போடுறீகளா? எலையில தப்பில்லல்ல?"

தோட்டத்து வாழையில் நானே அறுத்த தலைவாழை இலையைக் கழுவிப் போட்டேன். அவர் டப்பாவைத் திறந்து புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் இலையில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். மற்றவர்கள் அவரவர் வீட்டுச் சாப்பாட்டை அவரவர் இலையில் போட்டுக்கொண்டார்கள். இப்படி ஒரு விருந்து எந்த ஊரிலும் நடந்திருக்காது. யாருக்கும் சரியாக இறங்கவில்லை. அவர் மட்டும் வழித்துச் சாப்பிட்டார்.

செல்போன் வீடியோப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. தலைவர் ஒரு வாரம் கழித்து பாயின் கடைக்கே போய் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னார்கள். பாய் அவருடைய பழைய கிரைண்டரைப் பற்றி விசாரித்தாராம்.

அந்த வருஷத்து முதல் பந்தயம் குலுக்கலில் எங்கள் வீட்டுக்கே விழுந்தது. இருட்டோடு மொபெட் சத்தம் கேட்டது. பாய் வந்தார், முத்திரை குத்தினார், பாயை விரித்துப் படுத்தார். பன்னிரண்டு மணிக்கு நானும் என் சாப்பாட்டை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். அவரவர் டப்பாவை அவரவர் திறந்தோம். என்ன வெஞ்சனம் என்று கேட்டார். கத்திரிக்காய் என்றேன். வாசனை வருகிறது என்றார்.

அன்றைக்கு விட்டது என் வீட்டுக்காரர் மூன்று வருஷமாகக் கண்ணுக்குள் வைத்து வளர்த்த சாம்பல் புறா. கோப்பை நமக்குத்தான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். காலையிலிருந்து மணி தவறாமல் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு அப்புறம் காணோம். இரண்டாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் கத்தினார்.

"அந்தா! சிறுமலைப் பக்கம், மேகத்துக்குக் கீழ! தெரியுதா பாய்?"

பாய் கையை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அது பருந்துப்பா" என்றார்.

"நல்லாப் பாருங்க பாய்!"

நானும் பார்த்தேன். எனக்கு ஒரு புள்ளிதான் தெரிந்தது. அது இறக்கையை அடிக்காமல் மிதந்துகொண்டே திரும்பியது. புறா அப்படி மிதக்காது. என் வீட்டுக்காரருக்கும் அது தெரியும். போன வாரம் இலையை எடுத்தவள் நான். இந்த வாரம் பாய் கண்ணை மூடிக்கொண்டு, புறா தெரிந்ததாக நேரத்தை எழுதினால் கோப்பை எங்கள் வீட்டுக்கு வரும். அந்த மாடியில் நாங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாருமில்லை.

மணி இரண்டு அடித்தது. பாய் நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வருத்தப்படுவியாம்மா?"

அதுவரை அவர் என்னை ஒருமையில் பேசியதில்லை.

"எழுதுங்கண்ணே" என்றேன்.

அவுட் என்று எழுதினார். பக்கத்திலேயே நேரத்தையும் போட்டு, கையெழுத்துக்காக என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். என் டப்பாவில் மிச்சம் இருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.